குனி, குனி

ஏனுங்க, ஒரு நிமிஷம். தப்பா நினைக்காதீங்க. நீங்க இப்ப போன்ல பேசினீங்களே, அது ஒரியாதானே? இந்தி இல்லையே? இந்தின்னா வேற மாதிரி இருக்கும். இது உருண்டை உருண்டையா வரும், வாயில ஒரு ஜிலேபியை ஒதுக்கி வச்சுட்டுப் பேசற மாதிரி. மூணு வருஷம் என் தலைக்கு மேல கேட்ட பாஷை, எனக்குத் தெரியாதா?

நீங்க தமிழ்க்காரங்கதானா? ரூர்கேலாவுல பதினாறு வருஷமா! வீட்டுக்காரருக்கு அங்க வேலையா. சரி, சரி. அப்ப உங்களுக்கு எழுத்துக்கு எழுத்துப் புரியும். கடவுளாப் பார்த்துத்தான் உங்களை இந்த சீட்டுல உட்கார வச்சிருக்கார்.

என் போன்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் இருக்குதுங்க. நாற்பத்திரண்டு செகண்ட். ஒரியாவுல. ஆறு நாளா வச்சுட்டுச் சுத்தறேன், சோறு இறங்க மாட்டேங்குது. திருப்பூர்ல ஒரியாக்காரனுக்கா பஞ்சம், வீதிக்கு நாற்பது பேர் இருக்கான். ஆனா அவங்கள்ல யார்கிட்ட நீட்டி, இதுல என்ன சொல்லியிருக்குன்னு கேட்கறது? கேட்டவன் சும்மா இருப்பானா? நீங்கன்னா நீங்க யாரோ, நான் யாரோ. பஸ்ஸை விட்டு இறங்கினா முடிஞ்சுது.

இருங்க, இப்பவே கொடுக்கல. முதல்ல விஷயத்தைக் கேளுங்க. விஷயம் தெரியாம அதைக் கேட்டீங்கன்னா என்னைப் பத்தி வேற மாதிரி நினைச்சுடுவீங்க.

நான் சத்தமாப் பேசறேனா? முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கறார். கொஞ்சம் கிட்ட வாங்க.

எங்க வீடு பொன்னம்மாள் நகர் மூணாவது வீதி. கீழே நாங்க, மாடியில ஒரு போர்ஷன். எங்க வீட்டுக்காரர் நூல் கமிஷன் பார்க்கறார். காலைல எட்டு மணிக்குப் போனா அவர் முகத்தை நான் மறுபடி பார்க்கறது ஒன்பது மணி நியூஸுக்குத்தான். நான் சாயந்தரம் அஞ்சு மணிக்கு வீதிப் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுப்பேன். இங்கிலீஷ் மட்டும். நான் கோயமுத்தூர் கான்வென்ட்ல படிச்சவ. இப்ப இருக்கற மாதிரி ஏசி போட்ட கான்வென்ட் இல்ல, அந்தக் காலத்துக் கான்வென்ட். வராண்டாவுல ஒரு வார்த்தை தமிழ் பேசினா கழுத்துல ஒரு பலகையை மாட்டி விட்டுடுவாங்க, பெல் அடிக்கற வரைக்கும் அதோட நிக்கணும். நான் மூணு தடவை நின்னிருக்கேன். ஒரு தடவை பயத்துல பாவாடையிலயே போயிட்டேன். அந்தக் கண்டிப்பு இருந்ததாலதான் இன்னைக்கு என் இங்கிலீஷ் இப்படி நிக்குது.

மாடிக்கு நம்ம ஆளுங்க யாரும் வரல. வர்றவங்க எல்லாம் கார் எங்க நிறுத்தறதுன்னு கேட்கறாங்க. கடைசியில வந்து நின்னதுதான் இந்த ஜோடி. பனியன் கம்பெனியில அவன் ஓவர்லாக் டைலர், அவ செக்கிங். எந்த ஊருன்னேன். ஒரிசாவுல கஞ்சாம் ஜில்லான்னான். பேரே கஞ்சா மாதிரி இருக்குதேன்னு நினைச்சேன். கஞ்சாம்! ஆனா ஆளைப் பார்த்தா டீ கூடக் குடிக்க மாட்டான் போல இருந்தான்.

பேரு திபாகர்னான். அது திவாகர்தானே, இவங்களுக்கு வ வராது. அங்கேயே நிக்க வச்சுத் திருத்திட்டேன். அவ பேரு சஸ்மிதாவாம். சுஷ்மிதான்னு ஆக்கிட்டேன். ரெண்டு பேரும் கம்முனு வாங்கிக்கிட்டாங்க.

வீட்டைக் கொடுக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பளிச்சுனு சொல்லிட்டேன். கவுச்சி சமைச்சா ஜன்னலைச் சாத்தணும். படியில நின்னு போன் பேசினா தமிழ்ல பேசணும், இல்லன்னா உள்ளே போய்ப் பேசணும். முக்கியமா, குழந்தை குட்டி கூடாது. மொட்டைமாடிச் சுவர் இடுப்பு உயரம்கூட இல்லீங்க, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? "குழந்தை இருக்குதா?"ன்னு கேட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் அவன், "இல்ல மா, ரெண்டு பேர்தான்"னான்.

அந்தப் பார்வையைப் பார்த்து நான் என்ன நினைச்சேன்னா, பாவம், பிள்ளை நிக்காத ஜோடின்னு நினைச்சேன். அடுத்த மாசமே அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு ஒரு லேடி டாக்டர் பேரைச் சொன்னேன், எந்தக் கோயில்ல தொட்டில் கட்டணும்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டே கேட்டா. கண்ணுல தண்ணி வேற. நானும் கூட உட்கார்ந்து கண்ணைத் துடைச்சேன். நீங்களே சொல்லுங்க, நான் கெட்டவளா?

நல்லாத்தான் பழகினாங்க, பொய் சொல்லக்கூடாது. திவாகருக்குத் தெரிஞ்ச தமிழ் எல்லாம் கம்பெனித் தமிழ். எங்க மிக்ஸி நின்னு போச்சுன்னா எட்டிப் பார்த்துட்டு, "மா, ஊசி உடைஞ்சுது"ம்பான். ஒரு நாள் காய்ச்சல்ல படுத்துக் கிடந்தான். என்னடான்னு கேட்டா, "மா, இன்னைக்கு நான் ரிப்பேர்"ங்கறான். எங்க வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரிச்சார். அவ வந்த புதுசுல கடுகு எண்ணெய்தான், படி முழுக்க வாடை. நான் மூக்கைப் பொத்திக்கிட்டே மேலே போறதைப் பார்த்துட்டு தேங்காய் எண்ணெய்க்கு மாறினா. நைட்டி மேல துண்டு போட்டுக்கப் பழகினா. மூணாவது வருஷம் குழாயடியில, "ஏனுங்க, நான்தான் முதல்ல குடம் வச்சேன்"னு தமிழ்ல ஒரு சண்டை போட்டா பாருங்க, அன்னைக்கு எனக்கு அவ்வளவு பெருமை. நான் உருவாக்கின பொண்ணுங்க அவ.

இந்தக் கார்த்திகை மாசம்தான் எல்லாம் மாறுச்சு.

எங்க வீதிக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்குது. தண்ணி எப்ப வரும், குப்பை வண்டி வந்துச்சா, அதுக்குத்தான். அதுல ஒரு வீடியோ வந்துச்சு. எந்த ஊரோ தெரியாது, ஒரு ஆளைக் கம்பத்துல கட்டி வச்சிருக்காங்க. பிள்ளை பிடிக்கற கும்பல் வடக்கே இருந்து இறங்கியிருக்குது, நானூறு பேர், பிள்ளைங்களைப் பத்திரமாப் பார்த்துக்குங்கன்னு ஒரு குரல். மளிகைக்கடை தனபாலன்தான் அனுப்பினார். அவர் அனுப்பினா நம்பாம இருக்க முடியுமா, புளி வாங்கினாக்கூட ரெண்டு தடவை எடை போடற மனுஷன்.

அந்த வீடியோவைப் பார்த்த அன்னைக்கே படியில திவாகர் போன் பேசறான். குசுகுசுன்னு. தமிழ்ல பேசுன்னு நான் சொன்னது எங்க போச்சோ. நான் துணி காயப்போடற மாதிரி நின்னேன். "பிலாகு ஆணிபி... பிலாகு ஆணிபி." ரெண்டு தடவை, தெளிவா. பிள்ளைக்கு ஆணி! கையில இருந்த பக்கெட் படியில உருண்டுது. அவன் போனைச் சட்டுனு அணைச்சுட்டு, "மா, நான் எடுக்கறேன்"னு ஓடி வந்து துணியெல்லாம் பொறுக்கிக் கொடுத்தான். கொடுக்கற கையையே பார்த்துட்டு நின்னேன்.

சிரிக்காதீங்க. சிரிக்கலையா? சரி. பிள்ளையைக் கூட்டிட்டு வரேன்னு அர்த்தம், இல்லையா? இப்ப நீங்க சொன்னா ஆச்சா? அன்னைக்கு நீங்க என் பக்கத்துல இல்லையே.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை காலைல கதவைத் திறக்கறேன், மாடிப் படி முழுக்க அரிசி மாவுல சின்னச் சின்னப் பாதம். கீழ்ப் படியில இருந்து அவங்க வாசல் வரைக்கும். நாம கிருஷ்ண ஜெயந்திக்குப் போடறோமே, அந்த மாதிரி. ஆனா கார்த்திகையில ஏது கிருஷ்ண ஜெயந்தி? கேட்டா, "லட்சுமி மா, லட்சுமி"ன்னு சிரிக்கறா. முந்தின ரெண்டு வருஷமும் வாசலுக்கு உள்ளேயே போட்டிருப்பாளாட்ட இருக்குது, நான் பார்க்கல. இந்த வருஷம் என்னமோ சந்தோஷம், படி வரைக்கும் இறங்கி வந்திருக்குது. எனக்கு அந்தப் பாதத்தை மிதிக்கவும் பயம், அழிக்கவும் பயம். நாள் முழுக்க மாடிக்குப் போகவே இல்ல.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு அவங்க வாசல்ல செருப்புக்குப் பக்கத்துல ஒரு ஜோடிச் செருப்பு. ரோஸ் கலர். என் உள்ளங்கை அளவு. பிள்ளை இல்லாத வீட்டுல யாருக்குங்க அந்தச் செருப்பு?

எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். "கம்முனு இரு"ன்னார். அவருக்குத் தெரிஞ்ச ஒரே மருந்து அதுதான். நான் எப்படிக் கம்முனு இருக்கறது? சாயந்தரம் ஆனா ஏழு பிள்ளைங்க என் ஹால்ல உட்கார்ந்திருக்குது. யுகேஜியில இருந்து மூணாவது வரைக்கும். அவங்க அம்மாக்கள் எல்லாம் என்னை நம்பி விட்டுட்டு கம்பெனிக்குப் போறவங்க. நான் கேட்டைப் பூட்டிட்டுத்தான் டியூஷனே ஆரம்பிச்சேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா எண்ணுவேன். ஏழு. மறுபடி எண்ணுவேன். ஏழு. பயம்னா அப்படி ஒரு பயம்.

அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. அஞ்சேகால் இருக்கும். பிள்ளைங்களுக்கு டிக்டேஷன் கொடுத்துட்டு கேட் பக்கம் நின்னுட்டிருக்கேன். திவாகர் வர்றான், நடந்து. அவனுக்கு ஆறு மணி வரைக்கும் ஷிஃப்ட், அந்நேரத்துக்கு வரவே மாட்டான். தோள்ல ஒரு குழந்தை. நாலு வயசு இருக்கும், பொம்பளைப் பிள்ளை. துண்டுல சுத்தியிருக்கான். அது திமிறி அழுகுது, அவன் முகத்தைக் கையால தள்ளுது. நம்ம பிள்ளைன்னா நம்ம முகத்தைத் தள்ளுமா?

எங்க வீட்டுக்குப் பத்தடி இருக்கும். என்னைப் பார்த்தான். பார்த்ததும் அப்படியே நின்னான். முகம் செத்துப் போச்சு. டக்குனு திரும்பி, வந்த வழியே போறான். குழந்தையோட தலையைத் தோள்ல அமுக்கிட்டு, "குனி, குனி, குனி"ங்கறான்.

நீங்களே யோசிங்க. அழற பிள்ளையோட தலையை அமுக்கிட்டு ஒருத்தன் குனி, குனின்னா நீங்க என்ன நினைப்பீங்க? தமிழ் தெரிஞ்ச யாராவது வேற என்ன நினைக்க முடியும்? யாரும் பார்த்துடக்கூடாது, குனிஞ்சுக்கோன்னு மிரட்டறான். அதுதானே?

நான் கேட் பூட்டை இழுத்துப் பார்த்தேன், உள்ளே வந்து கதவைப் பூட்டினேன். குரூப்புல வாய்ஸ் போட்டேன். இன்னைக்கும் எனக்கு அது மனப்பாடம்: "எல்லாரும் கவனிங்க, வடக்கத்தியான் ஒருத்தன் ஒரு பெண் குழந்தையைத் துண்டுல சுத்தி, குனி குனின்னு மிரட்டித் தூக்கிட்டு ஆட்டோ ஸ்டாண்டு பக்கம் போறான், குழந்தை அழுகுது, யாராச்சும் சீக்கிரம் பாருங்க." அவ்வளவுதான். பாருங்கன்னுதான் சொன்னேன். அடிங்கன்னு சொன்னேனா?

எங்க மாடியில குடியிருக்கறவன்னு சொல்லல, ஆமா. சொன்னா எங்க வீட்டுப் பேரு என்னாகும்? அதுவும் இல்லாம, மூணு வருஷமா தினம் ரெண்டு நேரம் அந்த ஸ்டாண்டைத் தாண்டித்தான் போய் வர்றான். அந்தப் பசங்களுக்கு முகம் தெரிஞ்சிருக்க வேண்டாமா? ஒருத்தனுக்கும் தெரியல. அது என் தப்பா?

ஸ்டாண்டு எங்க ஹால் ஜன்னல்ல இருந்து ஐம்பதடி. திரைச்சீலையை ஒரு விரல் நகர்த்தினாத் தெரியும். முதல்ல நாலு பேர். அப்புறம் பத்து. அப்புறம் எங்கிருந்துதான் வந்தாங்களோ. "யாருடா பிள்ளை? சொல்லுடா, யார் பிள்ளை?" அவன் கையைக் கூப்பறான், என்னமோ சொல்றான், ஒரியாவுல. பயத்துல அவனுக்கு இருந்த கம்பெனித் தமிழும் போயிடுச்சு போல. யாரோ குழந்தையைப் பிடுங்கினாங்க. அப்புறம் சத்தம்தான். அடி விழற சத்தம் சினிமாவுல வர்ற மாதிரி இருக்காதுங்க. துணி துவைக்கற மாதிரி இருக்கும்.

அந்தக் குழந்தை கத்துச்சு. "பாபா! பாபா!" அவ்வளவு நேரம் அவன் முகத்தைத் தள்ளின பிள்ளை, அடி விழுந்ததும் அவனைப் பார்த்துக் கையை நீட்டிட்டுக் கத்துது.

என் பின்னாடி தன்யஸ்ரீ, ரெண்டாவது படிக்கற பொண்ணு, டிக்டேஷன் நோட்டோட வந்து நின்னுட்டா. "மிஸ், அந்தப் பாப்பா அவங்கப்பாவைத்தானே கூப்பிடுது?"ன்னா.

"போய் ஸ்பெல்லிங் எழுது"ன்னேன்.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? வெளியே போயிருக்கணும்ங்கறீங்களா? ஏழு பிள்ளைங்களை விட்டுட்டு எப்படிங்க போறது? நான் ஒத்தைப் பொம்பளை. நான் போய் நின்னா அந்தக் கும்பல் கேட்குமா? பாபான்னா எந்த ஊர்லயும் அப்பாதான், அது எனக்கும் புரிஞ்சுது, நான் முட்டாள் இல்ல. புரிஞ்சதும் என்ன பண்ணணுமோ அதைப் பண்ணினேன். குரூப்பைத் திறந்து என் வாய்ஸை அழிச்சேன். எல்லாருக்கும் அழிச்சிடுன்னு ஒண்ணு வருமே, அதை அமுக்கினேன். அதுக்கப்புறம்தான் கேட் சாவியைத் தேடினேன். சாவி கைக்கு வர்றதுக்குள்ள கம்பெனி வேன் வந்துடுச்சு.

அன்னைக்குன்னு செக்கிங்காரங்களை சீக்கிரம் விட்டிருக்காங்க. சுஷ்மிதா இறங்கினா. கூட்டத்தைப் பார்த்தா. நடுவுல யாருன்னு பார்த்தா. ஓடி வந்து குழந்தைக்குக் கையை நீட்டினா, அது போகலீங்க! ஒன்றரை வருஷமா அம்மா முகம் பார்க்காத பிள்ளை, தன்னைத் தூக்கி வச்சிருந்த ஆட்டோக்காரன் கழுத்தையே கட்டிக்குது. கூட்டத்துல ஒருத்தன், "பாரு, இவகிட்டயும் போக மாட்டேங்குது, இவளும் கூட்டுத்தான்"னு அவ முடியைப் பிடிச்சுட்டான். அவதான் போனை எடுத்து மேலே தூக்கிக் காட்டினா. திரையில அந்தப் பிள்ளை போட்டோ. வாயெல்லாம் சிரிப்பா, பொட்டு வச்சு, மை தீட்டி. போனைத் தூக்கிப் பிடிச்சுட்டு அப்படியே ஒரு சுத்து சுத்தினா, எல்லாருக்கும் தெரியற மாதிரி. "என் குனி. என் பொண்ணு குனி. என் பொண்ணு." தமிழ்ல சொன்னா. நல்ல தமிழ்ல.

குனின்னா அந்தப் பிள்ளையோட பேருங்க. வீட்டுல கூப்பிடற பேரு.

அப்புறம் அந்தக் கூட்டம் கரைஞ்சுது பாருங்க, சர்க்கரை மாதிரி. ஒருத்தன் போய் சோடா வாங்கிட்டு வந்தான். தனபாலன் ஸ்டூல் கொண்டு வந்து போட்டார். திவாகருக்குத் தலையில அஞ்சு தையல். தலையை மறைக்கக் கையைத் தூக்கியிருக்கான், வலது கை. மூணு விரல் நொறுங்கிடுச்சு. ஓவர்லாக்ல உட்கார்றவனுக்கு வலது கைதானே எல்லாம்.

கதை இவ்வளவுதான். ஊர்ல பிள்ளையைப் பார்த்துக்கிட்ட அவன் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. வேற வழியில்லாம ஒரு ஊர்க்காரன் ரயில்ல கொண்டு வந்து விட்டிருக்கான். பொண்டாட்டி வந்ததும் ரெண்டு பேருமாச் சேர்ந்து என் கால்ல விழலாம்னு இருந்தானாம். கேட்ல நான் நிக்கறதைப் பார்த்ததும் பயந்து திரும்பிட்டானாம். அந்தப் பொய்யை முதல் நாளே சொல்லாம இருந்திருந்தா இதெல்லாம் வருமா? குழந்தை இருக்குதுன்னு சொல்லியிருக்கலாமே. நான் வீடு கொடுத்திருக்க மாட்டேன், அவ்வளவுதானே. அவன் விரல் நல்லா இருந்திருக்கும்.

நிறுத்தம் வந்தாச்சா? கருமத்தம்பட்டியா. ஏறுறவங்க ஏறட்டும், இருங்க.

மூணு நாள் கழிச்சு ஒரு எஸ்.ஐ. வந்தார், சின்ன வயசு. கூடவே திவாகரும் அவளும், சாமானை எடுத்துட்டுப் போக. அந்தப் பிள்ளையும். நான் அழிச்சேனே, அதுக்கு முன்னாடியே யாரோ அதை வேற குரூப்புக்குத் தள்ளிட்டாங்களாம். எஸ்.ஐ. என் ஹால்ல, என் சோபாவுல உட்கார்ந்துட்டு போனை எடுத்து அந்த வாய்ஸைப் போடறார். நான் கையில காபித் தட்டோட நிக்கறேன். என் குரல் என் ஹால்லயே சுத்தி வருது. "எல்லாரும் கவனிங்க..."

"மேடம், இந்தக் குரல் யாருதுன்னு தெரியுதுங்களா?"

வாயைத் திறந்தா மாட்டிக்குவேன் இல்லையா? தொண்டையைக் காட்டி, கட்டியிருக்குன்னு சைகை பண்ணித் தலையை ஆட்டினேன். அப்புறம் அவர் திவாகர் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமாப்பா? தெரிஞ்ச குரலா?"

மூணு வருஷம். திவாகர், மோட்டார் போடு. திவாகர், கேட்டைச் சாத்து. திவாகர், அது வ, ப இல்ல. அவனுக்குத் தெரியாத குரலாங்க இது? கட்டுப் போட்ட கையை மடியில வச்சுட்டு முழுசாக் கேட்டான். கேட்டுட்டே என்னைப் பார்த்தான். போனைப் பார்க்கல, என்னைத்தான் பார்த்தான்.

"தெரியல சார்"னான்.

நான் குழந்தைக்கு ஒரு பிஸ்கட் நீட்டினேன். அது அம்மா பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிச்சு.

அன்னைக்கே போயிட்டாங்க. அன்னைக்கிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. ஏன் சொல்லல அவன்? சொல்லியிருந்தா ஒரு மாதிரி, மன்னிப்புக் கேட்டு, அழுது, எதையாவது பண்ணியிருக்கலாம். சொல்லாம வச்சிருக்கறவன் மனசுல என்னத்தை வச்சிருக்கான்? அடிச்ச பசங்க மூணு பேர் உள்ளே இருக்கானுங்க. அவங்க அம்மாக்கள் தினம் வீதியில நின்னு, எந்த வாய் அதைப் பேசுச்சோ அந்த வாய் வெந்து போகட்டும்னு மண்ணை வாரித் தூத்தறாங்க. வீதிக்கே என் குரல் தெரியும். ஒருத்தரும் போலீஸ்ல சொல்லல, ஆளாளுக்கு அன்னைக்கு ஒரு கை போட்டவங்கதான். ஆனா எத்தனை நாளைக்கு? நான் டியூஷனை நிறுத்திட்டேன். வாசல்ல பூக்காரிகிட்டக்கூட விரலைக் காட்டித்தான் முழம் கேட்கறேன். நான் இவ்வளவு பேசறது இந்த நாற்பது நாள்ல இன்னைக்குத்தான். மகள் வீட்டுக்குப் போறேன், அங்கயாவது ரெண்டு நாள் கண்ணை மூடலாம்னு.

அப்பத்தான் ஆறு நாளைக்கு முன்னாடி இது வந்துச்சு. சுஷ்மிதா நம்பர்ல இருந்து. என்கிட்டப் பேசறதுன்னா தமிழ்லதான் பேசுவா, இதை ஏன் ஒரியாவுல பேசறா? பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு நூறு தடவை கேட்டிருப்பேன். மா, மான்னு வருது. போலீஸ்னு வருது. அப்புறம் டர, டரன்னு ரெண்டு தடவை, டர்ருனு துணியைக் கிழிக்கற மாதிரி. உன்னைக் கிழிச்சுடுவேங்கறாளா? திருப்பூர்ல அவங்க ஆளுங்க நாற்பதாயிரம் பேர் இருக்காங்க. ஒருத்தனுக்கு ஒரு போன் போட்டாப் போதுமே.

இந்தாங்க. காதுல வச்சுக் கேளுங்க. ஸ்பீக்கர் வேண்டாம்.

முடிஞ்சுதா? மறுபடி கேட்கறீங்களா? கேளுங்க, கேளுங்க.

என்னங்க? எதா இருந்தாலும் சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன். ஒவ்வொண்ணாச் சொல்லுங்க.

போலீஸ்ல இருந்து மறுபடி போன் வந்துச்சு. சரி. அவர் தெரியாதுன்னே சொல்லிட்டார். சரி. தமிழ்ல பேச வாய் வரல, கோவிச்சுக்காதீங்க மா. சரி. அப்புறம்? நாங்க வேற ஊருக்கு வந்துட்டோம். எந்த ஊருன்னு யார் கேட்டாலும்... யார் கேட்டாலும் எங்களைத் தெரியும்னு சொல்லிடாதீங்க மா. குரூப்புல எங்க பேரைச் சொல்லிடாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கறேன், எங்களைப் பத்தி இனி எதுவுமே பேசிடாதீங்க.

அந்த டர? அதைச் சொல்லலையே நீங்க. அந்த டர, டர?

பயமா? டரன்னா பயமா?

யாருக்குப் பயம்? அவங்களுக்கா? அவங்களுக்கு என்னங்க பயம், அவங்க ஊர் பேர் தெரியாத இடத்துல நிம்மதியா இருக்காங்க. யாரைப் பார்த்துப் பயம்?

என்னைப் பார்த்தா?

நான் என்னங்க பண்ணுவேன் அவங்களை? நான் பாட்டுக்கு வீட்டுக்குள்ள இருக்கறவ. கையில ஒரு குச்சிகூட எடுக்கல நான். ஒரு போனுதான் வச்சிருந்தேன்.

ஏனுங்க, எங்க எந்திரிக்கறீங்க? இது நீலாம்பூர்தானே? காந்திபுரம்னுல்ல கண்டக்டர்கிட்டச் சொன்னீங்க, இன்னும் அரை மணி நேரம் இருக்குதுங்க. பையை ஏன் அப்படி நெஞ்சோட பிடிச்சுக்கறீங்க? இருங்க, கொஞ்சம் இருங்க. நான் உங்க பேரைக்கூடக் கேட்கலையே.